காணொளி வழியே தொல்லுயிர் வரலாறு கற்றல்: பழவேற்காடு ஏரி ஓர் எடுத்துக்காட்டு

தொல்லுயிரியல் என்பது மிகப் பழங்காலத்தில் பூமியில் வாழ்ந்த உயிரினங்களை, அவை விட்டுச்சென்ற எச்சங்களைக் கொண்டு ஆராயும் அறிவியல் துறையாகும். உயிரினங்கள் தலைமுறை தலைமுறையாக மாறிவந்த வரலாற்றை விளக்குவது பரிணாமக் கொள்கை. இவ்விரண்டையும் இன்று பெரும்பாலான மாணவர்கள் முதலில் அறிவது கைப்பேசியில் காணும் காணொளிகள் வழியாகவே. காணொளியில் கண்டதைச் சொந்த ஊரில் உள்ள சான்றுகளோடு ஒப்பிட்டுக் கற்பது எப்படி என்பதை, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரியையும் அதன் மீனவக் குப்பங்களையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

காணொளிக் கல்வியின் தேவை

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. 2020இல் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, கடலோரக் குப்பங்களில் வாழும் மாணவர்களுக்கும் இதுபோன்ற ஒளிபரப்புகளே வகுப்பறையாயின. 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளும் இடம்பெற்றன. அவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்தால் பாடத்துக்குரிய காணொளியைப் பார்க்கலாம்.

மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் தனிப் பாடமாக உள்ளது. ஆனால் என்சிஇஆர்டி வெளியிடும் பத்தாம் வகுப்பு நூலில் இருந்த பரிணாமப் பகுதி, பாடச்சுமைக் குறைப்பின்போது நீக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் இந்நீக்கத்தை எதிர்த்துத் திறந்த மடல் வெளியிட்டனர். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் மாணவருக்கு, இப்பொருள் குறித்துப் பின்னர் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் இணையக் காணொளிதான். எனவே நல்ல காணொளியைப் பிழையான காணொளியிலிருந்து பிரித்தறியும் பயிற்சி அவசியமாகிறது.

தேடுவதற்கு உதவும் சொற்கள்

தமிழில் ஒரே பொருளுக்குப் பல சொற்கள் வழங்குவதால், ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடினால் பல காணொளிகள் கண்ணில் படாமல் போகும். பரிணாமம், படிவளர்ச்சி, இலங்கை வழக்கான கூர்ப்பு ஆகிய மூன்றும் ஒரே கருத்தையே குறிக்கும். புதைபடிவம், தொல்லுயிர் எச்சம், உயிர்ச்சுவடு ஆகியனவும் அவ்வாறே. இயற்கைத் தேர்வு, இயற்கைத் தெரிவு இரண்டும் ஒன்றே.

பழவேற்காடு ஏரியின் வயது

பழவேற்காடு, சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயலாகும். இதன் பெரும்பகுதி ஆந்திரப் பிரதேசத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. ஏரிக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா மணல்தீவு நீண்டு கிடக்கிறது. ஆரணியாறும் காலங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவர, முகத்துவாரம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இறால், நண்டு, மடவை போன்றவற்றின் வரத்து இந்த இருநீர்க் கலப்பையே நம்பியுள்ளது.

ஊர் மக்களின் நினைவில் ஏரி என்றென்றும் இருப்பதுபோல் தோன்றினாலும், புவியியல் கணக்கில் இது மிக இளையது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியூழியின் உச்சத்தில், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது கடற்கரை வெகுதூரம் கிழக்கே விலகியிருந்தது. இன்று ஏரி உள்ள இடம் நிலமாக இருந்தது. பனி உருகிக் கடல் உயர்ந்து, சுமார் 6,000 முதல் 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை நெருங்கியது. அதன்பின் அலைகளும் கரையோர நீரோட்டமும் குவித்த மணல்மேடுகள் கடலின் ஒரு பகுதியைத் தடுத்ததால் காயல் உருவாயிற்று.

இதற்கான சான்று ஏரியிலேயே கிடைக்கிறது. ஏரிப்படுகையில் புதைந்த பழைய கிளிஞ்சல்கள் நெடுங்காலமாகச் சுண்ணாம்புக்காகத் தோண்டி எடுக்கப்பட்டு வந்தன. இவை இன்னும் கல்லாக மாறாதவை. துணைப் புதைபடிவம் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. அடிச்சேற்றில் நீண்ட குழாயை இறக்கி எடுத்தால், அடுக்கடுக்கான படிவுகள் வரிசை குலையாமல் கிடைக்கும். அவற்றிலுள்ள துளையுடலிகள் என்னும் நுண்ணிய ஓட்டுயிர்களைக் கொண்டு, எந்த அடுக்கு படிந்தபோது நீர் அதிக உப்பாக இருந்தது என்பதை அறியலாம்.

ஓராண்டு நாட்காட்டி

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இந்த எண்ணை மனத்தில் பதியவைக்கப் பல காணொளிகள் அதை ஓராண்டாகச் சுருக்கிக் காட்டுகின்றன. அந்த நாட்காட்டியில் பழவேற்காட்டுப் பகுதிக்குரிய நிகழ்வுகளையும் சேர்த்தால் பின்வருமாறு அமையும்.

ஜனவரி 1: பூமி தோன்றுகிறது.
மார்ச் பிற்பகுதி: நுண்ணுயிர்களின் மிகப் பழைய சான்றுகள் (சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன்).
டிசம்பர் 1: மீன்களில் ஒரு கிளை கால்போன்ற துடுப்புகளைப் பெற்றிருக்கிறது (37.5 கோடி ஆண்டுகள்).
டிசம்பர் 26: பறவைகள் நீங்கலாக மற்ற டைனோசர்கள் அழிகின்றன (6.6 கோடி ஆண்டுகள்).
டிசம்பர் 31 இரவு 9 மணி: அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் (சுமார் 15 லட்சம் ஆண்டுகள்).
இரவு 11.25: நம் மனித இனம் (சுமார் 3 லட்சம் ஆண்டுகள்).
நள்ளிரவுக்கு 50 நொடிக்குள்: பழவேற்காடு ஏரி.

காணொளிகளில் காணப்படும் பிழைகள்

1. எல்லாவற்றுக்கும் கார்பன் காலக்கணிப்பு. டைனோசர் எலும்பின் வயதைக் கார்பன்-14 முறையில் கண்டதாகச் சொல்லும் காணொளிகள் உண்டு. கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம் 5,730 ஆண்டுகள் மட்டுமே. சுமார் 50,000 ஆண்டுகளுக்குமேல் அளக்கும்படி அதில் எதுவும் எஞ்சாது. பழவேற்காட்டுக் கிளிஞ்சலுக்கு இம்முறை பொருந்தும், டைனோசருக்குப் பொருந்தாது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு, எரிமலைச் சாம்பல் அடுக்குகளில் உள்ள யுரேனியம்-ஈயம், பொட்டாசியம்-ஆர்கான் போன்ற முறைகள் பயன்படுகின்றன.

2. ஏணிப்படிப் பரிணாமம். மீன், பல்லி, குரங்கு, மனிதன் என வரிசையாக நிற்கும் படம் பலரும் அறிந்தது. பரிணாமம் ஏணியன்று, கிளைவிடும் மரம். கழிமுகச் சேற்றில் தாவித் திரியும் மட்ஸ்கிப்பர் என்ற உளுவை இன மீனைக் காட்டி, இதுவே நம் மூதாதை என்பார்கள். இம்மீன் செவுள் அறையில் நீரைத் தேக்கிக்கொண்டும், ஈரத்தோல் வழியாகச் சுவாசித்தும் கரையில் தாக்குப்பிடிக்கிறது. ஆனால் இது ஆரத்துடுப்பு மீன்களின் கிளை. நாற்காலிகளின் மூதாதைகள் சதைத்துடுப்பு மீன்களின் கிளையில் வந்தவை. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் 2004இல் கண்டெடுக்கப்பட்டு 2006இல் வெளியிடப்பட்ட டிக்டாலிக் அக்கிளைக்குரியது. சேற்றில் தாவும் மீன் நமக்குத் தூரத்து உறவினர். நீரிலிருந்து கரையேறும் வாழ்க்கை ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோன்றக்கூடும் என்பதற்குச் சான்று.

3. தோற்றத்தைக் கொண்டு உறவு சொல்லுதல். பழவேற்காட்டுக்குக் குளிர்காலத்தில் திரளாக வரும் பூநாரை, நீண்ட கால்களால் நாரையைப் போலிருக்கிறது. தமிழ்ப் பெயரும் அவ்வாறே அமைந்தது. ஆனால் மரபணு ஆய்வுகளின்படி அதன் மிக நெருங்கிய உறவு, குட்டையான கால்களோடு குளங்களில் மூழ்கி எழும் முக்குளிப்பான். ஆழமற்ற நீரில் நடக்க வேண்டிய வாழ்க்கையே நாரைக்கும் பூநாரைக்கும் தனித்தனியே நீண்ட கால்களைத் தந்தது.

4. மிகைச் செய்தி. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் ஏரியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி பரவியது. அவை தாதுக்கள் உருண்டு திரண்ட பாறைத்திரள்கள் என வல்லுநர்கள் விளக்கினர். விளக்கம் பரவிய வேகம் முதற்செய்தியின் வேகத்துக்கு ஈடாகவில்லை.

இதனோடு அரியலூர்ப் பகுதியின் பிருகத்காயோசாரஸ் பற்றியும் அறிய வேண்டும். 1987இல் யாதகிரி, அய்யாசாமி ஆகியோர் இதை ஊனுண்ணி டைனோசராக வெளியிட்டனர். பின்னர் இது தாவர உண்ணியான சௌரோபோட் வகையினது எனக் கருதப்பட்டது. அதன் பின்காலின் கீழ்க்கால் எலும்பாகத் தரப்பட்டது சுமார் 2 மீட்டர் நீளமுடையது. ஆனால் அந்த எலும்புகள் உதிர்ந்து அழிந்துவிட்டன. இன்று எஞ்சியவை வரைபடங்களும் ஒளிப்படங்களும் மட்டுமே. எனவே உலகின் மிகப்பெரிய டைனோசர் தமிழ்நாட்டில் வாழ்ந்தது என்று உறுதியாக முழங்கும் காணொளி, எலும்பு இப்போது இல்லை என்பதையும் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வலையும் இயற்கைத் தேர்வும்

இயற்கைத் தேர்வுக்கு மூன்று நிபந்தனைகள் வேண்டும். ஓர் இனத்துக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். அது பரம்பரையாகக் கடத்தப்பட வேண்டும். அவ்வேறுபாடு பிழைத்து இனம்பெருக்கும் வாய்ப்பைப் பாதிக்க வேண்டும். மீனவர் குடும்பத்துப் பிள்ளைக்கு இதை வலையைக் கொண்டே விளக்கலாம்.

வலைக்கண் வழியே சிறிய மீன் தப்பும், பெரிய மீன் சிக்கும். தாமதமாகப் பெரிதாகி முட்டையிடும் மீன்கள் முட்டையிடும் முன்பே பிடிபடுகின்றன. சிறிய உடலிலேயே முதிர்ச்சியடையும் மீன்கள் சந்ததியை விட்டுச்செல்கின்றன. இது பல தலைமுறை தொடர்ந்தால் இனம் முழுவதும் சிறுத்து, சீக்கிரம் முதிரத் தொடங்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் மீன்களிடம் இத்தகைய மாற்றம் பதிவாகியுள்ளது. அங்கு மீன்வளம் சரிந்து 1992இல் அம்மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே பரிணாமம் இறந்த விலங்குகளைப் பற்றிய பாடம் மட்டுமல்ல. வலைக்கண்ணின் அளவை முடிவு செய்வதற்கும் அது தேவை. பழவேற்காட்டுக் குப்பங்களில் யார், எங்கு, எந்நாளில் வலை விரிக்கலாம் என்பதை முறைப்படுத்தும் பாடு என்ற வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இத்தகைய ஊர்க்கட்டுப்பாட்டை ஆராயும் மாணவருக்கு இந்த அறிவு பயன்படும்.

அருகில் நேரில் காணக்கூடியவை

திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கொசஸ்தலையாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம் உள்ளது. ராபர்ட் புரூஸ் ஃபுட் 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. சாந்தி பப்பு தலைமையிலான குழுவினர் 1999 முதல் நடத்திய அகழாய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. காஸ்மிக் கதிர்களால் உண்டாகும் தனிமங்களை அளந்து, அங்குள்ள கருவிகளின் சராசரி வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் எனக் கணித்தனர். 2018இல் வெளிவந்த ஆய்வு, இடைப் பழைய கற்காலத் தொழில்நுட்பம் அங்கு சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கியதாகக் காட்டியது. கருவிகளைச் செய்தவர்களின் எலும்பு எதுவும் அங்குக் கிடைக்கவில்லை. எனவே அவர்களின் முகத்தை உறுதியாக வரைந்து காட்டும் காணொளிகளைக் கற்பனைச் சித்திரமாகவே கொள்ள வேண்டும். பூண்டியில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் இப்பகுதிக் கற்கருவிகளைக் காணலாம்.

காணொளியைச் சோதிக்கும் கேள்விகள்

ஒரு காணொளியைப் பார்த்து முடித்ததும் மாணவர்கள் நோட்டில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதிப் பழகலாம்.

1. எந்த இடத்தில், எந்த ஆண்டில், யார் கண்டெடுத்தது என்று சொல்லப்பட்டதா?
2. வயதை எம்முறையில் அளந்தார்கள்? அம்முறை அக்காலத்துக்குப் பொருந்துமா?
3. காட்டப்பட்டதில் உண்மையான எச்சம் எது, கணினியில் வரைந்தது எது?
4. இதே செய்தி பாடநூலிலோ பல்கலைக்கழகம், அருங்காட்சியகம் ஆகியவற்றின் பக்கத்திலோ உள்ளதா?
5. இதை நம் ஊரில் எதனோடு ஒப்பிடலாம்?

ஐந்தாவது கேள்விக்குக் குப்பத்துப் பிள்ளைகளால் பிறரைவிட நன்றாக விடையளிக்க முடியும். எந்தப் பருவத்தில் எந்த மீன் ஏறும், முகத்துவாரம் அடைபட்டால் எந்த இனம் முதலில் குறையும், தோண்டினால் எந்த ஆழத்தில் கிளிஞ்சல் வரும் என்பவை பெரியவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டு, தேதியும் இடமும் குறித்து எழுதிவைத்தால் அதுவே கள ஆய்வின் முதல் படி. முகத்துவாரம் மணல் மூடுவதும், அதைத் திறந்துவைக்க மீனவர்கள் விடுக்கும் கோரிக்கையும் பல ஆண்டுகளாகத் தொடர்கின்றன. மணலும் அலையும் சேர்ந்து ஏரியை உருவாக்கிய அதே செயல் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அதன் இன்றைய நிலையை நாள்தோறும் பார்ப்பவர்கள் அக்கரையில் வாழ்பவர்களே.