வாரச் சம்பளமும் வாரக் காணிக்கையும்

 காணிக்கையாக எவ்வளவு கொடுப்பது என்பதைவிட எப்போது எடுத்து வைப்பது என்ற கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சிவகாசிக்கு அருகிலுள்ள விஸ்வநத்தத்தையும் அதைச் சுற்றியுள்ள பட்டாசு ஊர்களையும் மனதில் வைத்து யோசித்தால் அதன் கனம் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்ததில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். இப்படிப்பட்ட நாட்களில் மனிதர் மனம் இளகத்தான் செய்கிறது. அரசு நிவாரணம் அறிவிக்கிறது, சபைகள் சிறப்புக் காணிக்கை எடுக்கின்றன, அரிசியும் துணியும் வந்து சேருகின்றன. ஆனால் தீக்காயம் பட்டு உயிர் பிழைத்தவரின் செலவு அந்த நாட்களோடு முடிவதில்லை. ஒட்டுத் தோல் வைக்க ஓர் அறுவை, சுருங்கி ஒட்டிக்கொண்ட விரல்களைப் பிரிக்க இன்னொன்று, ஒவ்வொரு முறையும் மதுரைக்குப் போய்வர பஸ் காசு, கூடவே போகிறவரின் ஒருநாள் கூலி. வெடிமருந்து செலுத்திய கை மடங்காமல் நின்றுவிட்டால், செய்த உருப்படிக்குத்தான் கூலி என்ற தொழிலில் அந்தக் கைக்கு வருமானமே இல்லை. அவருக்குப் பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில் நம் இரக்கம் வற்றிப் போயிருக்கிறது.

பவுல் இதை நன்றாக அறிந்திருந்தார். எருசலேமின் ஏழைகளுக்காகக் கொரிந்து சபையிடம் உதவி கேட்டபோது, தான் நேரில் வந்து உருக்கமாகப் பேசிய பிறகு வசூலிக்கலாம் என்று அவர் நினைக்கவில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைத்துவிடுங்கள், நான் வரும்போது வசூல் நடக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதினார். சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்குகிறவர்களின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. நெல்லைச் சபைகளுக்கும் இது புதிதல்ல. புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டபோது அவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். விதவைகளுக்கென்று தனி நிதியும் அவர் காலத்தில் உருவானது. தேவை வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பே பணம் தயாராக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உயிர்.

நாம் கொடுக்கச் சொல்லும் சபையாரே அன்றாடங்காய்ச்சிகள்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீபாவளி முடிந்து ஆலைகள் மூடிக் கிடக்கும் வாரங்களில் அவர்களே கடன் வாங்கித்தான் அடுப்பு மூட்டுகிறார்கள். பவுல் உதாரணமாகக் காட்டிய மக்கெதோனியச் சபைகளும் கடும் வறுமையில்தான் இருந்தன. அதே சமயம், மற்றவர் இளைப்பாறுவதற்காகக் கொடுப்பவர் நொறுங்க வேண்டும் என்று தாம் சொல்லவில்லை, இரு பக்கமும் சமமாக வேண்டும் என்பதே நோக்கம் என்றும் அவர் தெளிவுபடுத்தினார். வேலையில்லாத வாரத்தில் ஒன்றும் போடாதவர் குற்றவாளி அல்ல. சின்னத் தொகையை ஏளனம் செய்யவும் கூடாது. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு திரட்டிய பிடியரிசியில் வளர்ந்த பள்ளி. அதைச் செய்தவர்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனாலும் இந்த மாவட்டத்துச் சபைகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம்.

இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. பாதுகாப்பான ஆலையும் நியாயக் கூலியும் சட்டப்படியான இழப்பீடும் கேட்க வேண்டிய இடத்தில் தர்மத்தைப் பேசுவது, செய்ய வேண்டியவர்களைத் தப்பவிடுவதாகாதா? ஆகும், தர்மத்தோடு நிறுத்திக்கொண்டால். பிடித்து வைத்த கூலி கடவுளை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று ஆலை முதலாளிகளும் கேட்கும்படி எழுதியது யாக்கோபு நிருபம். பசித்தவனை வெறும் வாழ்த்தோடு அனுப்புகிற விசுவாசம் செத்தது என்று சொன்னதும் அதே நிருபம்தான். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம்கூட, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று சொல்லி, அதைக் கொண்டு நல நிதி ஒன்றை அமைக்கச் சொன்னது. உரிமைக்கான வழக்கு நடக்கட்டும். அது முடியும்வரை காயப்பட்டவர் வீட்டுப் பிள்ளையின் படிப்புச் செலவை யாராவது ஏற்க வேண்டும். வக்கீலைப் பார்க்கப் போய்வரும் செலவும் சபையின் இந்த நிதியிலிருந்தே போகலாம் என்பது என் கருத்து.

சபைப் பணத்தின் மீது மக்களுக்கு இருக்கும் சந்தேகத்தையும் ஒதுக்கிவிட முடியாது. பவுல் எருசலேமுக்கான பணத்தைத் தனியாகத் தூக்கிச் செல்லவில்லை. சபைகளே தேர்ந்தெடுத்தவர்களைக் கூட அழைத்துக்கொண்டார், யாரும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாதென்று. கொடுப்பவர் தன் பெயரை மறைக்கட்டும் என்றார் இயேசு; கணக்கை மறைக்கச் சொல்லவில்லை. வாங்குபவர் விஷயத்திலும் ஒரு கண்டிப்பு வேண்டும். ஒரே அறையில் அமர்ந்து வேலை செய்தவர்களை வெடி மதம் பார்த்துப் பிரிக்கவில்லை. நல்ல சமாரியன் கதையைப் பிரசங்கிக்கும் சபை, உதவிப் பட்டியலில் அப்படிப் பிரிக்கக் கூடாது. உதவிக்குப் பதிலாக ஞானஸ்நானத்தை எதிர்பார்ப்பது அந்தக் கதைக்கே துரோகம்.

அடுத்த சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் இரண்டு கேள்விகளை எழுப்புங்கள். விபத்து நடக்காத வாரங்களில் நம் சபை எளியவர்களுக்கென்று எவ்வளவு ஒதுக்குகிறது? போன வருடம் காயப்பட்டவர்களின் வீடுகளுக்கு இந்த மாதம் என்ன போய்ச் சேர்ந்தது? பதில் இல்லையென்றால், வருகிற ஞாயிறே அதற்கென்று ஒரு பெட்டி வையுங்கள்.