ஏட்டில் உள்ள மருத்துவம் கிளினிக்குக்கு வரும் வழி

மலேசியாவின் செனாயில் உள்ள அரசு சுகாதாரக் கிளினிக்கில் நீரிழிவு நோயாளி ஒருவர் பெறும் சிகிச்சையும் கோலாலம்பூரில் இன்னொருவர் பெறும் சிகிச்சையும் மருத்துவருக்கு மருத்துவர் மாறிவிடாமல் ஒரே தரத்தில் அமைய வேண்டும் என்பதற்காகவே மலேசிய சுகாதார அமைச்சு சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிட்டு வருகிறது. நிபுணர் குழு ஒன்று ஆய்வுகளைத் திரட்டி, அவற்றின் நம்பகத்தன்மையை எடைபோட்டு, எந்த நோயாளிக்கு எப்போது எதைச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைக்கும் நூலே வழிகாட்டி எனப்படுகிறது. இரண்டாம் வகை நீரிழிவுக்கான வழிகாட்டியின் 6ஆம் பதிப்பு 2020 டிசம்பரில் வெளிவந்தது.

அந்நூலில் தமிழர்களுக்கு மிகுந்த அக்கறை இருந்தாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதை எட்டிய மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது; தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தச் சோதனை, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்ற சோதனை, விழித்திரைச் சோதனை ஆகியவற்றோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாதத்தைச் சோதிக்க வேண்டும் என்கிறது வழிகாட்டி. நோயாளி கண்ணை மூடியிருக்க, 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையொன்றை உள்ளங்காலில் சில இடங்களில் அது வளையும்வரை அழுத்தி, தொடுவது தெரிகிறதா என்று கேட்பார்கள். தெரியாத இடத்தில் நரம்பு பழுதுபட்டிருக்கக்கூடும்; அங்கே முள் தைத்தாலும் வலிக்காமல் போகலாம்; அதனால் கவனிக்கப்படாமல் விடப்படும் புண்ணே காலை எடுக்கும் நிலைவரை கொண்டுபோகலாம். செலவு மிகக் குறைந்த இந்தச் சோதனையைத் தவறவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஆனால் நூலை அச்சிட்டு விநியோகிப்பதால் மட்டும் தரம் உயர்ந்துவிடாது. சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் 10 அரசு கிளினிக்குகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பணியாளர்கள் குழுவாக வழிகாட்டியைப் பின்பற்றப் பயிற்சி பெற்று, நோயாளிகளுக்கும் சுயபராமரிப்புக் கையேடு வழங்கப்பட்ட கிளினிக்குகளில், எச்பிஏ1சி 6.5 விழுக்காட்டுக்குக் கீழ் என்ற இலக்கை எட்டும் வாய்ப்பு மற்றக் கிளினிக்குகளைவிட அதிகமாயிற்று. பயிற்சியும் ஆளும் நேரமும் ஒதுக்கப்படாதவரை வழிகாட்டி அலமாரியில்தான் இருக்கும்.

நோயாளியின் பங்கும் இதில் உண்டு. அடுத்த முறை செனாய் கிளினிக்குக்குச் செல்லும் வாசகர்கள், கண், பாதம், சிறுநீர் ஆகிய மூன்று சோதனைகளும் இந்த ஆண்டு தங்கள் சிகிச்சைப் பதிவில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் தயங்காமல் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.