கடல் அலையை விண்ணிலிருந்து அளக்கும் ரேடார்: செயல்படுவது எப்படி?

ஸ்ரீஹரிகோட்டா (திருப்பதி மாவட்டம்): இங்கிருந்து 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட இஸ்ரோ-நாசா கூட்டுத் தயாரிப்பான நிசார், மேகத்தையும் இருளையும் ஊடுருவிப் படமெடுக்கும் ரேடார் செயற்கைக்கோளாகும். நிலமும் பனிப்பரப்பும் அதன் முதன்மை இலக்குகள் எனினும், இவ்வகை ரேடார் கடல் அலைகளையும் அளக்க வல்லது.

கடலோர மக்களுக்கு இதன் தேவை பெரிது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். அப்போது அங்கு புயல் ஏதுமில்லை. தென்கடலில் வெகு தொலைவில் உருவாகும் நீண்ட அலைகள் முன்னறிகுறியின்றிக் கரையேறுவதைக் கேரள மீனவர்கள் 'கள்ளக்கடல்' என்கின்றனர். 20 விநாடிக்கு ஒன்றாக வரும் இத்தகைய அலையின் நீளம் ஆழ்கடலில் 600 மீட்டரைத் தாண்டும். அதன் ஆற்றல் நாளொன்றுக்குச் சுமார் 1,300 கி.மீ. நகரும்.

ரேடார் சாய்வாக அனுப்பும் நுண்ணலைகள், காற்றால் எழும் சில சென்டிமீட்டர் அளவிலான சிற்றலைகளில் பட்டுத் திரும்புகின்றன. பெரிய அலை கடக்கும்போது ரேடாரை நோக்கிய சரிவு பளிச்சென்றும் மறுசரிவு மங்கலாகவும் பதிவாகும். படத்தில் வரிவரியாகத் தெரியும் இக்கோடுகளின் இடைவெளியே அலையின் நீளம். கோடுகளுக்குச் செங்குத்தாக அலை செல்கிறது. ஆயினும் அது எப்பக்கம் செல்கிறது என்பது ஒரு படத்தில் புலப்படாது. சிறு கால இடைவெளியில் பதிவான இரு காட்சிகளை ஒப்பிட்டே அது கண்டறியப்படுகிறது.

2013-ல் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏவப்பட்ட சரள் செயற்கைக்கோளின் உயரமானி அலையின் உயரத்தைக் கூறும். வரும் திசையைக் கூறாது. அக்குறையை ரேடார் படம் தீர்க்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 திறந்த கடலில் 100 கி.மீ.க்கு ஒன்றாக, 20 கி.மீ. அகல நீளமுள்ள படங்களை எடுக்கிறது.

குறைபாடும் உண்டு. நீர் அசைந்துகொண்டே இருப்பதால் படம் கலங்கும். செயற்கைக்கோளின் பயணத் திசையிலோ அதற்கு எதிராகவோ ஓடும் குறுகிய அலைகள் பதிவாகாமல் போகும். எனவே புயல் மையத்தின் கொந்தளிப்பைவிட, அங்கிருந்து விலகி வரும் நீண்ட அலைகளே தெளிவாகச் சிக்குகின்றன. கள்ளக்கடலைக் கணிக்கத் தேவைப்படுவதும் அவையே.

இந்தியாவில் இந்த எச்சரிக்கையை வெளியிடுவது ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம். 2024 மே முதல் வாரத்திலும் கேரள, தமிழகக் கடலோரங்களுக்கு அது முன்கூட்டியே எச்சரிக்கை விடுத்திருந்தது.