மூழ்கடிக்க நாள் குறித்தார்கள்... முந்திக்கொண்ட கப்பல்! - புளோரிடா கடலடியில் 'ஸ்பீகல் குரோவ்'

2002 மே 17. அமெரிக்காவின் புளோரிடா மாகாணம், கீ லார்கோ தீவை ஒட்டிய கடல். அமெரிக்கக் கடற்படையில் 30 ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற 'ஸ்பீகல் குரோவ்' என்ற 510 அடி நீளக் கப்பலை மூழ்கடிக்க அன்றுதான் நாள் குறித்திருந்தார்கள். மீன்கள் குடியேற வேண்டும், ஸ்கூபா டைவர்கள் வந்து பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

கப்பலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. குறித்த நேரத்துக்கு முன்பே தண்ணீர் ஏறி, தலைகுப்புறக் கவிழ்ந்துவிட்டது. முன்பகுதி மட்டும் கடலுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. மீட்புக் குழு வந்து அதை முழுமையாக மூழ்கவைக்க ஜூன் 10 ஆகிவிட்டது. அப்போதும் வலப்பக்கம் சாய்ந்துதான் படுத்தது.

மூன்று ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 2005 ஜூலையில் டென்னிஸ் சூறாவளி கடந்த பிறகு டைவர்கள் இறங்கிப் பார்த்தால், கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது! இத்தனை பேர் மெனக்கெட்டும் நடக்காததைப் புயல் ஓசியில் முடித்துக்கொடுத்துவிட்டது.

இப்போது அதன் அடிப்பகுதி சுமார் 130 அடி ஆழத்தில் இருக்கிறது. மேல்பகுதியைத் தொட 60 அடி இறங்கினால் போதும். இரும்புச் சுவர்களில் பவளமும் கடற்பஞ்சும் படர்ந்திருக்கின்றன. சீலா மீன்கள் கூட்டமாகச் சுற்றுகின்றன. களவா இனத்தைச் சேர்ந்த ராட்சத கோலியாத் மீன்களும் வருகின்றன.

வெளியே சுற்றிப் பார்ப்பது ஒரு ரகம். உள்ளே நுழைவது வேறு. 2007 மார்ச்சில் டைவர்கள் நான்கு பேர் கப்பலுக்குள் சென்றார்கள். உயிரோடு திரும்பியவர் ஒருவர்தான்.

வெளியே என்றால், ஏதாவது சிக்கல் வந்தால் மேலே ஏறலாம். உள்ளே தலைக்கு மேல் இரும்புக் கூரை. பல அடுக்குகள், ஒரே மாதிரி அறைகள். கால் துடுப்பு லேசாகப் பட்டாலே துருவும் சேறும் கிளம்பி, டார்ச் வெளிச்சத்தையும் மறைத்துவிடும். 100 அடி ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும், கடல்மட்டத்தைப்போல நான்கு மடங்கு காற்று செலவாகும். போதாக்குறைக்கு, அந்த ஆழத்தில் நைட்ரஜன் மூளையை மந்தமாக்கி, லேசான போதைபோல ஆக்கிவிடும்.

அதனால்தான் கப்பலுக்குள் செல்லத் தனிப் பயிற்சி தேவை. நுழையும் இடத்தில் கட்டிய கயிற்றை வழிநெடுகப் பிரித்துக்கொண்டே போக வேண்டும். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு காற்று தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும். திரும்பி வர ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு. ஆசைப்பட்டு வந்த அறை அடுத்த கதவுக்கு அப்பால் இருந்தாலும் சரி, கணக்கு மாறாது.