நாட்காட்டியை இயக்கும் முகவர்களுக்கு விளக்கம் எழுதுதல்

ஒருவர் தட்டச்சு செய்கின்ற ஒரு வரியைக் கொண்டு அவரது நாட்காட்டியைத் திறந்து, ஓய்வான வேளையைக் கண்டறிந்து, கூட்டத்தைக் குறித்து, அழைப்பையும் அனுப்பிவிடுகின்ற செயற்கை நுண்ணறிவு முகவர் மென்பொருள்கள் இன்று பாவனைக்கு வந்துள்ளன. இவை ஒவ்வொரு நாட்காட்டியின் உள்ளமைப்பையும் முன்கூட்டியே அறிந்திருப்பதில்லை. இன்ன கருவி இன்ன வேலையைச் செய்யும், அதற்கு இன்னின்ன விபரங்கள் வேண்டும் என மென்பொருளாளர் எழுதிவைக்கின்ற சில வரிகளை வாசித்தே செயற்படுகின்றன. 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மொடல் கொன்டெக்ஸ்ட் புரொட்டகோல்’ எனும் நெறிமுறையிலும் கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் அமைப்பு ஆகியவற்றைக் கொண்டே முகவர் தீர்மானிக்கின்றது. அவ்வரிகள் தெளிவற்றிருப்பின் வீணாவது மனிதரின் நேரமாகும்.

கூகுள் நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். நிகழ்வொன்றைத் திருத்துவதற்கு அதில் இரு வழிகள் உள்ளன. ‘பட்ச்’ என்பது கொடுத்த விபரத்தை மாத்திரம் மாற்றும். ‘அப்டேட்’ என்பது நிகழ்வு முழுவதையும் புதிதாக எழுதிவிடும். பின்னையதை முகவரிடம் கையளித்து, ‘நிகழ்வைத் திருத்தும்’ என்று இரு சொற்களில் விளக்கத்தை முடித்துவிட்டால் என்னவாகும்? பத்து மணிக் கூட்டத்தைப் பதினொரு மணிக்கு மாற்றச் சொன்னவரின் நிகழ்வில் இடமும் பங்குபற்றுவோர் பட்டியலும் அழிந்துபோகலாம். ‘பழைய விபரங்களை முதலில் பெற்று, அவற்றையும் சேர்த்தே அனுப்புக’ என்ற ஒரு வாக்கியம் இதனைத் தவிர்த்திருக்கும்.

முழுநாள் நிகழ்வுகளிலும் ஒரு பொறி உண்டு. அங்கு முடிவுத் திகதி நிகழ்வில் சேராது. 5ஆம் திகதி முதல் 7ஆம் திகதி வரை விடுமுறை எனின் முடிவு 8 எனக் கொடுக்கப்பட வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை, கொழும்பில் காலை 10 மணிக்குரியதை சர்வதேச நியம நேரப்படி 10 எனப் பதிந்தால் நிகழ்வு பிற்பகல் 3.30க்குச் சென்றுவிடும். ‘ஆசியா/கொழும்பு’ என நேர வலயத்தின் பெயரையே கேட்டுப் பெறுமாறு விளக்கத்தில் எழுதுவது சிறந்தது. 1996 மே மாதத்தில் நாட்டின் நேரம் ஒரு மணித்தியாலம் முன்தள்ளப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் குறைக்கப்பட்டது. 2006 ஏப்ரலிலேயே பழைய நிலை மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே நீடித்ததை வடக்கு, கிழக்கு வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஐந்தரை என்ற எண் இவ்வாறு மாறக்கூடியது. வலயத்தின் பெயரோ இம்மாற்றங்களையும் உள்ளடக்கியது.

இவையனைத்தையும் விட எம்மவர் கவனிக்க வேண்டியது பேச்சு வழக்காகும். இஸ்லாமிய நாள் சூரிய அஸ்தமனத்துடன் ஆரம்பமாகின்றது. ஆதலால் ‘வியாழன் மாலை, வெள்ளி இரவு’ என்பது முஸ்லிம்களின் வழக்கு. தலைப்பிறை அறிவித்தல்களிலும் இதனைக் காணலாம். அயலிலுள்ள தமிழருக்கோ வெள்ளி இரவு என்பது வெள்ளிக்கிழமைப் பகல் கழிந்து வருகின்ற இரவு. ‘வெள்ளி இரவு மஃரிபுக்குப் பின் நிர்வாகக் கூட்டம்’ என்ற கட்டளையை முகவர் தன்போக்கில் விளங்கிக்கொண்டால் கூட்டம் ஒரு நாள் பிந்திவிடும். மஃரிப் நேரமும் நாளுக்கு நாள் மாறுவது. வெளிநாட்டில் இருந்து விளக்கம் எழுதுபவர் இதனை எண்ணிப்பார்ப்பார் என எதிர்பார்க்க முடியாது. ‘இரவோ தொழுகை நேரமோ குறிப்பிடப்பட்டால் ஊகிக்க வேண்டாம், கிழமை, திகதி, மணி ஆகியவற்றைக் காட்டி உறுதிப்படுத்திய பின்னரே பதிக’ என எழுதவேண்டியவர்கள் எமது மென்பொருளாளர்களே.

அழிக்கும் கருவி வேறு வகையானது. வாராந்தக் கூட்டத்தில் ஒரு நாளை மாத்திரம் இரத்துச் செய்யச் சொன்னவருக்குத் தொடர் முழுவதும் அழிந்து, அழைக்கப்பட்ட அனைவருக்கும் இரத்து அறிவித்தல் மின்னஞ்சலில் போய்ச் சேரலாம். ஒரு நாளா, தொடரா என்பதை விளக்கம் பிரித்துச் சொல்ல வேண்டும். எனினும் முகவர் விளக்கத்தை மீறி நடப்பதும் உண்டு. எனவே இக்கருவியை மட்டும் எழுதிய வரிகளை நம்பி விட்டுவிடாது, பாவனையாளரின் ஒப்புதலின்றி இயங்காதவாறு மென்பொருளிலேயே தடுத்துவைக்க வேண்டும் என்பது எமது கருத்தாகும்.