ஏழையின் ரொட்டியும் சைவ பீட்சாவும்

உண்ணும் பண்டங்களுக்கும் மனிதரைப் போலவே மேல் கீழ் வகுத்துவிட்டது உலகம். மாவு ஒன்றே, உப்பு ஒன்றே, தீயும் ஒன்றே. ஆயினும் ஒரு ரொட்டி கண்ணாடி பதித்த கடையிலே விலை கூறப்படுகின்றது. மற்றொன்று துணியிலே முடியப்பட்டுத் தேயிலை மலைச் சரிவிலே உண்ணப்படுகின்றது. இவ்வேறுபாடு எங்ஙனம் விளைந்தது என்று என்னை எண்ண வைத்தது, மலையகத்து இளைஞர் இக்காலத்தில் விரும்பி உண்ணும் பீட்சா என்னும் மேனாட்டு ரொட்டி. அதிலும் இறைச்சி சேராத சைவ பீட்சாவைப் பற்றியே ஈண்டுச் சில சொல்ல விரும்புகிறேன்.

பீட்சாவின் பிறந்தகம் இத்தாலி நாட்டின் நேப்பிள்ஸ் துறைமுகம். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அந்நகர் மக்கள் நெருக்கத்தால் திணறிற்று. ஓர் அறையிலே ஒரு குடும்பம் முழுவதும் ஒடுங்கிக் கிடந்த காலம் அது; சமைப்பதற்கு இடமில்லாதோர் பலர். அவர்கள் தெருவிலே நின்றபடி சில்லறைக் காசுக்கு வாங்கித் தின்ற உணவே பீட்சா. தட்டையாகத் தட்டிய மாவின் மேல் பூண்டு, எண்ணெய், உப்பு; கையில் இன்னும் சிறிது காசு இருந்தால் தக்காளி. இன்றும் மரினாரா என்று அங்கு வழங்கும் வகையிலே தக்காளி, பூண்டு, ஓரிகானோ என்னும் வாசனைத் தழை, ஒலிவ எண்ணெய் ஆகிய இவற்றையன்றி வேறொன்றும் இடுவதில்லை. பாற்கட்டிகூட அதில் இல்லை. சமயம் விதித்த சைவம் எனப் பிழையாகக் கொள்ள வேண்டா. வறுமை விதித்த சைவம் அது.

1889ஆம் ஆண்டில் மார்கெரிட்டா அரசி நேப்பிள்ஸ் வந்தபோது, ரஃபாயேல் எஸ்பொசித்தோ என்னும் கடைக்காரர் தக்காளியும் வெண் பாற்கட்டியும் துளசியினத் தழையும் இட்டு ஒரு பீட்சா சுட்டுக் கொடுத்தார் என்றும், அரசியின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று என்றும் ஒரு கதை உண்டு. ஆராய்ச்சியாளர் சிலர் அதனை ஐயுறுவர். ஐயத்துக்கு இடமில்லாத செய்தி ஒன்றும் உண்டு. பிழைப்புத் தேடிக் கப்பலேறிய இத்தாலிய ஏழைகள் அந்த ரொட்டியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். அங்கே தாமே கடை வைத்தனர். அங்கிருந்து அது உலகெங்கும் பரந்தது. 2017ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக் கலையை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அப்பட்டியலில் ஏறியது மாவைப் பிசைந்து, சுழற்றி, விறகு அடுப்பிலே சுடும் தொழிலாளியின் கைத்திறன் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்தியாவுக்கு வந்த பீட்சா அந்நாட்டு ஒழுக்கத்துக்கும் இணங்கிற்று. குஜராத்திலே முற்றிலும் சைவமான பீட்சாக் கடைகள் தோன்றின. சமணருக்கென வெங்காயமும் பூண்டும் நீக்கிய வகையும் எழுந்தது. இலங்கையிலும் தொண்ணூறுகளில் இவ்வுணவு கொழும்பிலே கால்கொண்டு, பின்னர் மலையேறி நுவரெலியா வரை வந்துவிட்டது.

இனி நம் ரொட்டிக்கு வருவோம். திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த நம் முன்னோர் ரொட்டி உண்டவர்கள் அல்லர். கம்பும் கேழ்வரகும் சோறுமே அவர் உணவு. தோட்ட நிர்வாகம் அரிசி கொடுத்துக் கூலியிலே கழித்துக்கொண்டது. அவ்வரிசியிற் பெரும் பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ரங்கூன் ஜப்பானியர் கைப்பட்டது. அரிசிக் கப்பல்கள் நின்றன. அரிசிக்குப் பதிலாகப் பங்கீட்டிலே கோதுமை மா வந்தது. போர் ஓய்ந்த பின்னும் மா ஓயவில்லை.

அது நிலைத்தமைக்குக் காரணம் மக்களின் சுவை மட்டுமன்று. வேலையின் அமைப்பும் ஆகும். விடிந்ததும் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டிய பெண்ணுக்குச் சோறும் கறியும் ஆக்க ஏது நேரம்? அவள் நான்கு மணிக்கு எழுகிறாள். மாவிலே தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்து நீர்விட்டுப் பிசைகிறாள். கையாலேயே கனமாகத் தட்டி, காய்ந்த கல்லிலே இட்டு, இருபுறமும் வேகவிடுகிறாள். செத்தல் மிளகாயும் வெங்காயமும் உப்பும் சேர்த்து இடித்த சம்பலே துணை. வசதியுள்ள நாளில் அதிலே மாசியோ கருவாடோ சேரும். இல்லாத நாளில் அதுவும் சைவமே. நேப்பிள்ஸ் ஏழைக்கு விதித்த அதே சைவம் இங்கும் விதிக்கப்பட்டது. அங்கே தக்காளி, இங்கே மிளகாய். இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை என்பதையும் எண்ணினால், இவ்விரு ரொட்டிகளும் உறவினர் என்றே சொல்லத் தோன்றுகிறது.

இதனைப் பாராட்டுவதால், வறுமையைப் பாராட்டுகிறேன் என்று எவரும் கருதற்க. வெறும் மாவும் சம்பலும் உடலுக்குப் போதிய உணவல்ல. தோட்டப்புறப் பெண்களின் இரத்தச்சோகைக்கும் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைவுக்கும் இந்த உணவுமுறை ஒரு காரணம் என்பது மறுக்கவொண்ணாதது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் பங்கீடு சுருங்கியபோது தோட்டங்களில் பட்டினியால் மாண்டோர் பலர். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கோதுமை மாவின் விலை பல மடங்கு ஏறியது. லயங்களில் ரொட்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. ஒரே பண்டத்தை நம்பி வாழும் மக்களுக்கு அதன் விலையே விதியாகிவிடுகின்றது.

இதில் ஒரு விந்தை உண்டு. சைவ பீட்சாவின் மேல் அழகுறப் பரப்பத் தக்க காய்கறி யாவும் நுவரெலியா மண்ணிலே விளைகின்றன. லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட் இவற்றை நட்டுக் களையெடுத்து மூட்டை கட்டும் கைகளிற் பல நம் மக்களின் கைகளே. அம்பேவலைப் பண்ணையிலே பால் கறக்கப்படுகின்றது. இவை யாவும் லொறியேறி மலையிறங்குகின்றன. தோட்டத்து ரொட்டியின்மேல் வந்து அமர்வன மிகச் சில.

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே பிறந்து என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் வெள்ளவத்தையிலே ஒரு கடையில் பீட்சா சுடுகிறான். தீபாவளிக்கு ஊர் வந்திருந்தபோது தொழிலைப் பற்றிக் கேட்டேன். “மா பிசையிறது எனக்குப் புதுசு இல்லைங்க சேர். விடியக்காலையில அம்மா பிசையிறதப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடந்தவன்தானே? இங்க ஈஸ்ட் போட்டுப் பொங்க வைக்கணும், அதுதான் வித்தியாசம். ஆனா ஒரு பெரிய பீட்சா விக்கிற காசு, அம்மா ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடுத்தாலும் வராது சேர்” என்றான். அவன் குரலிலே கசப்பு இல்லை. கணக்குச் சொல்வது போலவே சொன்னான். அந்தக் கணக்கு எனக்கு நெடுநாள் மறக்கவில்லை.

ஹட்டன் கடைவீதியிலே சைவக் கடைகள் பல. தோட்டத்து மக்கள் பட்டணம் வந்தால் அங்கே அமர்ந்து, பிறர் பரிமாற உண்பார்கள். நாள் முழுதும் ஏவலுக்கு உட்பட்டவர் ஒரு நாழிகை விருந்தினராகும் இடம் அது. அங்கே இட்டலி உண்டு, தோசை உண்டு, வடை உண்டு. தேங்காய்ப்பூச் சேர்த்துக் கல்லிலே சுட்ட தோட்டத்து ரொட்டியைத் தேடிப் பார்த்தேன்; காண்பது அரிதாகவே இருந்தது. பாடசாலையிலும் ரொட்டி கொண்டுவரும் பிள்ளைகள் சிலர் பெட்டியின் மூடியால் அதை மறைத்துக்கொண்டு உண்பதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். தாய் நான்கு மணிக்கு எழுந்து சுட்டதை மகள் மறைத்து உண்ண வேண்டிய நிலைக்கு, பிறர் ஏளனம் மட்டுமன்றி நம் மௌனமும் காரணமாகும்.

பீட்சாவை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சைவ பீட்சாக் கடை ஹட்டனிலே ஒன்றுக்குப் பத்து எழுந்தாலும் மகிழ்ச்சியே. நேப்பிள்ஸ் ஏழைகள் தம் ரொட்டிக்கு நாணவில்லை. தாமே கடைக்கு உடையவராகி, அதைத் தம் பெயராலேயே விற்றனர். நம் இளைஞர் வெள்ளவத்தையிலே கற்ற தொழிலை மலையிலேயே நடத்த, சிறு கடனும் கடையிடமும் கிடைக்குமாறு சங்கங்களும் கூட்டுறவுகளும் முன்வரலாகாதா? லீக்ஸும் கரட்டும் பாற்கட்டியும் இட்ட தோட்டத்து ரொட்டி ஒன்று அவர் கடையிலே பீட்சாவுக்குப் பக்கத்திலே அமரட்டும். அதன் விலையிலே ஒரு பங்கு, மாவு பிசைந்த கைக்கும் காய் விளைத்த கைக்கும் சேரட்டும். ஆசிரியர்களாகிய நாம் வகுப்பிலே அந்த ரொட்டியின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினாலே, மூடியால் மறைக்கும் வழக்கம் மெல்ல மாறும் என்பது என் நம்பிக்கை.