கோடிக்கரை மூலிகை... பார்க்கலாம், பறிக்கக் கூடாது!

"டாக்டர், இது சுத்தமான கோடிக்கரைச் சரக்குங்க. தெருவுல வந்தவர்கிட்ட வாங்கினாரு. மூட்டு வலிக்குப் பால்ல வேகவெச்சு ஒரு துண்டு சாப்பிட்டாரு. ரெண்டு மணி நேரமா வாந்தி, பேதி நிக்கவே இல்ல!"

ஒரு கார்த்திகை மாதத்து ராத்திரி, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். வயது அறுபத்திரண்டு. நாற்பது வருஷமாகக் குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதித்தவர். முழங்கால் வலிக்காக என்னிடம் வழக்கமாக வருகிறவர்தான்.

மிச்சமிருந்த கிழங்கை அவர் மகன் காட்டினான். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கலப்பையின் கொழு போல வளைந்த கிழங்கு. கார்த்திகைக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கண்வலிக் கிழங்கு என்று பல பெயர் அதற்கு. நம் தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்குதான். நெருப்புக் கொழுந்து மாதிரி அழகான பூ. அடியில் கொடிய விஷம்!

"இங்கே ஒரு நிமிஷம்கூட நிற்காதீங்க. மிச்சக் கிழங்கையும் கையில எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அதே ஆட்டோவில் நானும் ஏறிக்கொண்டேன்.

சித்த வைத்தியர் ஏன் தானே மருந்து கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இந்தக் கிழங்கில் உள்ள கோல்ச்சிசின் என்ற நஞ்சுக்குக் கை வைத்தியம் கிடையாது. உடம்பின் நீர்ச்சத்து, ரத்த அணுக்கள், சிறுநீரகம் எல்லாவற்றையும் நாள் கணக்கில் கண்காணிக்க வேண்டும். அது ஆஸ்பத்திரியில்தான் முடியும். மோர் கொடுக்கிறேன், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று நேரத்தை வீணாக்கினால் ஆளே போய்விடுவார்.

நல்ல வேளை, அவர் பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகு தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அதுவும் அந்த நஞ்சின் வேலைதான். பிறகு மெல்ல முளைத்தது.

இதில் என்னைக் குடைந்த விஷயம் வேறு. "கோடிக்கரைன்னா மூலிகைக் காடுன்னு நீங்கதானே டாக்டர் சொன்னீங்க? அதான் நம்பி வாங்கினேன்" என்றார் அவர். உண்மைதான். தைலம் தடவும்போது பேச்சுவாக்கில் கோடிக்கரையின் பெருமையை அளந்தவன் நான். அந்தப் பெயரை அவர் காதில் போட்டதே நான்தான்! "ஒரு தடவை உங்களை அங்கேயே கூட்டிக்கிட்டுப் போறேன் அண்ணே. நிஜக் கோடிக்கரை எப்படி இருக்கும்னு பாருங்க" என்று வாக்குக் கொடுத்தேன். பொங்கல் கழிந்து, அவர் உடம்பும் தேறியதும் அவர் குடும்பமும் என் குடும்பமும் ஒரு வேன் பிடித்துக் கிளம்பினோம்.

பாறை இல்லாத முனை

காஞ்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். திண்டிவனம், சிதம்பரம், நாகப்பட்டினம் வழியாக வேதாரண்யம் போய், அங்கிருந்து தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் கோடியக்கரை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. காஞ்சியிலிருந்து ஓலையோடு புறப்பட்ட வந்தியத்தேவன், பிறகு வைத்தியர் மகனைக் கூட்டிக்கொண்டு, மூலிகை கொண்டுவருகிற சாக்கில் கோடிக்கரைக்குத்தான் போகிறான்! வேனில் இதைச் சொன்னதும் நெசவாளரின் மனைவி, "அப்போ அந்தக் காலத்திலேயே நம்ம ஊர்க்காரங்க மூலிகைக்கு அங்கதான் ஓடியிருக்காங்க!" என்று சிரித்தார்.

வேதாரண்யம் தாண்டியதும் அகஸ்தியம்பள்ளி. சித்த வைத்தியத்தின் ஆதி குருவாக நாங்கள் கும்பிடுகிற அகத்தியர் பெயரில் கோயில் கொண்ட ஊர். சாலையின் இரு பக்கமும் உப்பளங்கள். 1930 ஏப்ரல் 30-ல் ராஜாஜி உப்பு அள்ளிக் கைதானது இந்த வட்டாரத்தில்தான். "டாக்டர், பி.பி.க்காரங்க இந்தப் பக்கம் வரலாமா?" என்று நெசவாளரின் மகன் கேட்டான். "பார்க்கலாம், அள்ளக் கூடாது!" என்றேன். மறுநாள் முழுக்க அதே பதிலைத்தான் சொல்லப்போகிறேன் என்று அப்போது தெரியாது!

கடல் முனை என்றால் நமக்குப் பாறையும் மோதுகிற அலையும்தான் நினைவுக்கு வரும். கோடியக்கரையில் பாறை கிடையாது. 'கோடி' என்றால் கடைசி, முனை. வடக்கிலிருந்து நேராக இறங்கி வருகிற சோழ நாட்டுக் கரை, இந்த இடத்தில் சட்டென்று மேற்கே திரும்புகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. நடுவில் மணல் மேடு, உப்புச் சேறு, முள்காடு, புல்வெளி. வெயிலும் உப்புக் காற்றும் அறைகிற கரடுமுரடான பூமி. இதில் எப்படிப் பச்சை பிடிக்கிறது என்பதுதான் அதிசயம்!

கறுப்பு மான் கண்ட நெசவாளர்

வனத்துறையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு காலை வெயில் ஏறும் முன்பே சரணாலயத்துக்குள் போனோம். 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் இது. 2002-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

புல்வெளியில் முதலில் மட்டக்குதிரைகள் மேய்ந்தன. மனிதரிடமிருந்து விலகிக் காடேறிப்போன குதிரைகள் இவை. சற்று தள்ளி வெளிமான் கூட்டம். பெண் மான்கள் இளம்பழுப்பு நிறம். நடுவில் ஒரு கிடா! முதுகெல்லாம் கறுப்பு, வயிறு வெள்ளை, முறுக்கிவிட்ட கொம்பு. நெசவாளர் அப்படியே நின்றுவிட்டார்.

"நாற்பது வருஷமா புட்டாவுல மான் போட்டிருக்கேன் டாக்டர். கறுப்பு மானை இப்பத்தான் பார்க்கிறேன். கொம்பு இப்படி முறுக்கிக்கிட்டு இருக்கும்னு தெரியாமப் போச்சே!"

சதுப்புப் பக்கம் போனோம். தூரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. கிட்டப் போனால் பூநாரைகள்! சின்னச் சின்ன உள்ளான்கள் சேற்றைக் கிண்டிக்கொண்டிருந்தன. கைக்குள் அடங்குகிற இந்தக் குருவிகள் வட துருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்தவை. நவம்பர் முதல் ஜனவரி வரை இந்த விருந்தாளிகள் ஜாஸ்தி.

நெசவாளர் கண்ணைச் சுருக்காமல் வெகுநேரம் தொலைவைப் பார்த்துக்கொண்டே நின்றார். காலை முதல் ராத்திரி வரை முழ தூரத்தில் ஜரிகையையே பார்க்கிற கண்கள். "கண்ணு குளிர்ச்சியா இருக்குங்க" என்றார். இதில் மந்திரம் இல்லை. கிட்டப் பார்வைக்காக இறுகியே இருக்கும் கண்தசை, தூரத்தைப் பார்க்கும்போது தளர்கிறது. தறியிலும், தையல் மெஷினிலும், கம்ப்யூட்டரிலும் உட்காருகிற எல்லோரும் அடிக்கடி எழுந்து வாசலுக்கு வந்து தூரத்து மரத்தை ஒரு நிமிஷம் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம்!

மாடியில் இருந்த மூலிகை

பிறகு காட்டுப் பாதை. ஓங்கி வளராமல் காற்றுக்குக் குடை பிடித்தது போன்ற மரங்கள். பெரும்பாலும் பாலை மரம். அதன் மஞ்சள் பழம் தேனாக இனிக்கும். ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். பல் துலக்கப் பெயர் போன உகா மரம், வாதத்துக்கு நாங்கள் பயன்படுத்தும் முட்சங்கன், சளிக்குத் தூதுவளை, சர்க்கரை நோய்க்காரர்கள் பெயரைக் கேட்டிருக்கும் சிறுகுறிஞ்சான், காட்டு மரத்தில் கொடியாகத் தொங்கும் பிரண்டை.

"இது பிரண்டையாச்சே! எங்க மாடித் தொட்டியிலயே கிடக்குதே!" என்றார் நெசவாளரின் மனைவி.

"அதைத்தான் அம்மா சொல்ல வந்தேன். துவையல் அரைக்க வேண்டிய பிரண்டை உங்க மாடியிலேயே இருக்கு. ஐயா தெருவுல போறவர்கிட்ட கோடிக்கரையைத் தேடினாரு!"

வழியோரம் குன்றிமணி சிவந்து கிடந்தது. குழந்தைகள் பொறுக்க ஓடினார்கள். தடுத்தேன். பிள்ளையாருக்குக் கண் வைக்கிற அதே மணிதான். கடித்து உடைத்து விழுங்கினால் ஆளைக் கொல்லும் நஞ்சு. செங்காந்தள் கொடியைத் தேடினேன். கார்த்திகையில் பூத்து முடிந்து கொடி காய்ந்துவிட்டிருந்தது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் இருக்கும்.

"இலை நுனி சுருண்டு கம்பியைப் பிடிக்கும், பூ நெருப்பு மாதிரி இருக்கும். கொடி இருந்தால் எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். வெறும் கிழங்காகக் கூடையில் வந்தால்? படித்த வைத்தியனே திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் சொல்லணும். நாங்களே அதை முறையாகச் சுத்தி செய்துதான் மருந்தில் தொடுவோம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முளைத்துவரும் தலைமுடியைத் தடவிக்கொண்டார்.

செங்கல் மேடு சொன்ன பாடம்

கோடிக்குழகர் கோயிலுக்குப் போனோம். சுந்தரர் பாடிய தலம். இந்தக் கடற்கரைக் காட்டில் இப்படித் துணையில்லாமல் தனியே இருக்கிறாயே என்று சுவாமியிடமே அவர் வருந்திய இடம். தேவாமிர்தம் இங்கே சிந்தியது என்கிறது தல புராணம். அமிர்தம் சிந்திய மண்ணில் மூலிகை முளைக்காமல் என்ன செய்யும்? காட்டு நடுவே ராமர் பாதம். இலங்கை இருக்கும் திசையை ராமர் நின்று பார்த்தார் என்று சொல்லும் மணல் மேடு. மேடு என்றால் நாலு மீட்டர்தான். ஆனால் இந்தத் தட்டை பூமிக்கு அதுதான் மலை!

கடைசியாக, பழைய கலங்கரை விளக்கம் இருந்த கடற்கரை. 1990-களின் தொடக்கத்தில் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி மாணவனாக மூலிகை பார்க்க வந்தபோது, சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட அந்தச் செங்கல் கோபுரத்தின் மிச்சத்தடியில் நிழலுக்கு உட்கார்ந்திருக்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமி அதைச் சிதைத்துவிட்டது. இப்போது கப்பல்களுக்கு வழிகாட்ட 1998-ல் கட்டிய உயரமான புது விளக்கம் இருக்கிறது. எனக்கோ அந்தச் செங்கல்தான் கண்ணில் நின்றது.

காடும் அடி வாங்கியிருக்கிறது. 2018 நவம்பர் 16 விடியலில் கரை கடந்த கஜா புயல் மரங்களை வேரோடு சாய்த்தது. மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்து ஒதுங்கின. மான் மேயும் புல்வெளியைச் சீமைக்கருவேல் ஆக்கிரமிக்கிறது. இத்தனையும் தாங்கி நிற்கிற காட்டில் மனிதன் வேறு மண்வெட்டியோடு நுழைந்தால் என்ன மிஞ்சும்? இலையைக் கிள்ளினால் துளிர்க்கும். வேரையும் கிழங்கையும் தோண்டினால் அந்தச் செடியின் கதை முடிந்தது. சரணாலயத்தில் எதைப் பறித்தாலும் 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கோபுரத்தைக் கட்டியவன் மறுபடி வரமாட்டான். செடியை விதைத்தவனும் அப்படித்தான்.

நீங்கள் போகும்போது...

* விடிகாலையும் மாலையும்தான் உகந்த நேரம். நடுப்பகலில் விலங்குகளும் நிழலுக்கு ஒதுங்கிவிடும், நீங்களும் ஒதுங்குங்கள்.

* குடிநீர், தொப்பி, முள் குத்தாத செருப்பு, வழக்கமான மாத்திரைகள் அவசியம். சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்வது நல்லது.

* மூட்டு வலி உள்ளவர்கள் மணலில் மெதுவாக நடக்கவும். காலுக்கு வலு வருகிறது என்று முதல் நாளே மைல் கணக்கில் நடந்துவிட்டு என்னிடம் வராதீர்கள்!

* குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். பிளாஸ்டிக் பையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

* மூலிகை வேண்டுமா? தூதுவளை, பிரண்டை, ஆடாதோடை, துளசி எல்லாம் நர்சரியில் கன்றாகக் கிடைக்கும். தொட்டியில் வையுங்கள். பெயர் தெரியாத வேர், கிழங்கு, பொடி எதையும் 'இன்ன காட்டுச் சரக்கு' என்ற பேச்சை நம்பி வாயில் வைக்காதீர்கள்.

நெசவாளரின் முழங்கால் என்ன ஆயிற்று என்கிறீர்களா? வலி இருக்கிறது, குறைந்திருக்கிறது. மணிக்கொரு தரம் குழியை விட்டு எழுந்து தெரு முனை வரை நடக்கிறார். தைலம் பூசுகிறார். வாரம் இரண்டு நாள் பிரண்டைத் துவையல். அதற்கு மேல் நான் சத்தியம் செய்யவில்லை.

போன மாதம் அவர் தெருவில் மறுபடி ஒருத்தர் கூடையோடு வந்து, "கோடிக்கரை வேர், கோடிக்கரை கிழங்கு!" என்று கூவினாராம். நம்மவர் தறியை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாராம்.

"தம்பி, நான் கோடிக்கரைக்கே போய் வந்தவன். இதை அங்க தோண்டினா கேஸ் போடுவாங்க. இங்க தின்னா ஆஸ்பத்திரியில போடுவாங்க. எது வேணும், சொல்லு!"

கூடைக்காரர் அடுத்த தெருவுக்குப் போகவில்லையாம். நேராக பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டாராம்!